மூலக்கூறைக் கட்டிப் பார்க்கலாம்: டெல்டா பள்ளிகளுக்கு அணு அளவு மாதிரியாக்கத் தொடக்கம்

மீத்தேனின் பிணைப்புக் கோணம் எவ்வளவு என்று பதினொன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு ஒரே குரலில் 109.5 டிகிரி என்று சொல்லிவிடும். வரைந்து காட்டச் சொன்னால், ஒரு கூட்டல் குறி போட்டு நான்கு முனையிலும் ஹைட்ரஜனை எழுதிவிடும். கூட்டல் குறியில் கோணம் 90 டிகிரி. இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அணு அளவிலான மாதிரியாக்கத்தைப் பள்ளியில் தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியர்களையும், கல்லூரி முதலாண்டில் தாமாகவே முயன்று பார்க்க நினைக்கும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தேவையானவை அதிகமில்லை. பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கும் கணினி போதும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினியும் போதும். கொஞ்சம் களிமண், தென்னை ஈர்க்குச்சி, அளவுகோல், கோணமானி. இணையம் எந்நேரமும் வேண்டியதில்லை. மென்பொருள்களை எங்காவது நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு, பென் டிரைவில் பள்ளிக்கு எடுத்துப் போகலாம்.

வண்ண உருண்டைகள் திரையில் சுழல்வதைக் காட்டிவிட்டு வகுப்பை முடித்தால் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். மாதிரியாக்கம் என்பது கணக்கு. அணுக்களை எங்கெங்கே வைத்தால் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்? கீழே வரும் வேலைகள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. ஆகவே ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்: பொத்தானை அழுத்துவதற்கு முன் மாணவர் தன் ஊகத்தைப் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. பென்சிலால் எழுதினால் விடை வந்தவுடன் ஊகமும் தானாகத் திருந்திவிடும்.

முதல் படி: களிமண்ணும் ஈர்க்குச்சியும்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு பாடவேளையைக் கைவேலைக்கு ஒதுக்குங்கள். வயல் களிமண்ணை அப்படியே உருட்டினால் காய்ந்ததும் வெடிக்கும். கொஞ்சம் மணல் கலந்து பிசையுங்கள். வேதியியலில் வழக்கமாக இருக்கும் நிறங்களையே பயன்படுத்துங்கள்: கார்பனுக்குக் கரி, ஹைட்ரஜனுக்குச் சுண்ணாம்பு, ஆக்சிஜனுக்குக் காவி, நைட்ரஜனுக்குத் துணிக்குப் போடும் நீலம். பின்னால் கணினித் திரையிலும் ஏறத்தாழ இதே நிறங்கள்தான் வரும்.

அளவு முக்கியம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதை 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நாம் 50 கோடி மடங்கு பெரிதாக்குகிறோம். 6 மில்லிமீட்டர் நீள அரிசி ஒன்றை இதே மடங்கில் பெரிதாக்கினால் அது 3,000 கிலோமீட்டர் நீளும். இந்தியாவின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். பத்தின் அடுக்குகளைப் பற்றிய பயம் அங்கே கொஞ்சம் தணியும்.

இனி மீத்தேன். கார்பன், ஹைட்ரஜன் பிணைப்பு நீளம் 1.09 ஆங்ஸ்ட்ராம், நம் அளவில் சுமார் 5.5 சென்டிமீட்டர். உருண்டையின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் களிமண்ணுக்குள் போன குச்சியைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். நான்கு குச்சிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

முதலில் அநேகமாக எல்லோரும் மேசை மேல் தட்டையாகக் கூட்டல் குறிதான் செய்வார்கள். ஒரு நூலை எடுத்து ஹைட்ரஜன்களுக்கு இடையே உள்ள தூரங்களை அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஜோடிகள் 7.7 சென்டிமீட்டர், எதிரெதிர் ஜோடிகள் 10.9 சென்டிமீட்டர் என்று வரும். "பக்கத்தில் இருப்பவை இன்னும் கொஞ்சம் விலக முடியுமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு குச்சியை மேலே தூக்குவார். மற்ற மூன்றும் முக்காலி மாதிரி கீழே இறங்கும். நூலை மறுபடி பிடித்தால் ஆறு தூரங்களும் ஒரே அளவாக, 8.9 சென்டிமீட்டருக்கு அருகில் வரும். எந்த மூன்று கால்களில் நிற்க வைத்தாலும் உருவம் மாறாது. நான்முகி என்ற சொல்லை அதன் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும்.

இந்த மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்பதையும் அதே பாடவேளையில் காட்டுங்கள். மூலக்கூறில் குச்சி கிடையாது. கார்பனின் வான்டர் வால்ஸ் ஆரம் (பிணையாத அணுக்களை எதுவரை நெருங்கவிடும் என்று காட்டும் அளவு) 1.7 ஆங்ஸ்ட்ராம், நம் அளவில் 8.5 சென்டிமீட்டர். ஹைட்ரஜனின் மையமோ 5.5 சென்டிமீட்டரிலேயே இருக்கிறது. அதாவது ஹைட்ரஜன் கார்பனின் உருண்டைக்குள்ளேயே பாதி புதைந்திருக்க வேண்டும். குச்சி மாதிரி கோணத்தைக் காட்டும், பருமனைக் காட்டாது. ஒவ்வொரு மாதிரியும் எதையோ காட்ட எதையோ மறைக்கிறது என்பதை மாணவர்கள் சொந்தக் கையால் செய்த பொருளிலேயே பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: எக்ஸெலில் இரண்டு ஆர்கான் அணுக்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் படம் வரையும் மென்பொருளுக்குப் போகிறார்கள். தாண்டாதீர்கள் என்பது என் வற்புறுத்தல். கணினி உள்ளே என்ன செய்கிறது என்பதை மாணவர் தானே கணக்கிட்டுப் பார்க்கும் இடம் இது ஒன்றுதான்.

நாம் மூச்சுவிடும் காற்றில் சுமார் 0.93 சதவீதம் ஆர்கான். இரண்டு ஆர்கான் அணுக்கள் பிணைப்பு ஏதும் இல்லாமல் அருகருகே வந்தால் அவற்றின் ஆற்றல் எப்படி மாறும் என்பதற்கு லெனார்டு ஜோன்ஸ் சமன்பாடு ஒரு நல்ல தோராயம். எக்ஸெலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கோ எதுவானாலும் சரி, நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்.

முதல் நெடுவரிசையில் தூரம்: 3.0 ஆங்ஸ்ட்ராமில் தொடங்கி 0.1 வீதம் கூட்டி 8.0 வரை. இரண்டாவதில், 3.4 ஐ (ஆர்கானுக்கு ஆற்றல் பூஜ்யமாகும் தூரம், ஆங்ஸ்ட்ராமில்) அந்தத் தூரத்தால் வகுத்து ஆறாம் அடுக்குக்கு உயர்த்துங்கள். மூன்றாவதில் இரண்டாவது நெடுவரிசையின் வர்க்கம். நான்காவதில், மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 4 ஆல் பெருக்குங்கள். முதல் நெடுவரிசையையும் நான்காவதையும் வைத்து வரைபடம் போடுங்கள்.

3.0 ஆங்ஸ்ட்ராமில் விடை சுமார் 9.5; 3.4 இல் சரியாகப் பூஜ்யம், 3.8 க்கு அருகில் மைனஸ் 1, 5.0 இல் சுமார் மைனஸ் 0.36, 8.0 இல் மைனஸ் 0.02. வெறும் 0.8 ஆங்ஸ்ட்ராம் நெருங்கியதற்குக் கோடு செங்குத்தாக ஏறுவதையும், விலகிப்போகும் பக்கம் மெல்ல ஏறிப் பூஜ்யத்தை நெருங்குவதையும் மாணவர்கள் பார்க்கட்டும். குழியின் அடி எங்கே என்று கேளுங்கள். 3.82 ஆங்ஸ்ட்ராம். அந்தத் தூரத்தில்தான் இரண்டு அணுக்களும் தங்க விரும்புகின்றன.

வரைபடத்தில் 1 என்று வந்த குழியின் ஆழம் ஆர்கானுக்கு மோலுக்குச் சுமார் 1 கிலோஜூல். நீர் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் 20 கிலோஜூல். நீருக்குள் இருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்கச் சுமார் 460. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையின் மூலையில் எழுதி ஆண்டு முழுவதும் அழிக்காமல் விடுங்கள். ஆர்கான் ஏன் மைனஸ் 186 டிகிரியிலேயே கொதிக்கிறது, தண்ணீர் ஏன் 100 வரை காத்திருக்கிறது, கொதிக்கும் நீர் ஏன் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க முடியாது என்ற இந்த எளிய உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று மாணவர் கேட்டால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லுங்கள். அவரும் சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் 1963 இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. புரத அமைப்பு ஒன்றைக் கண்டறிந்தால் அதைச் சரிபார்க்க உலகம் இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் எடுக்கிறது.

மூன்றாம் படி: அவகாட்ரோவில் முதல் மூலக்கூறு

அவகாட்ரோ என்பது இலவசமான, திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பழைய பதிப்பு, அவகாட்ரோ 2 என்ற புதிய பதிப்பு என இரண்டு புழக்கத்தில் இருக்கின்றன. மெனுக்களின் இடம் இரண்டிலும் வேறுபடும். வகுப்பில் எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி குறையும். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் இதற்கான காணொளிப் பாடங்கள் இருக்கின்றன. அந்தத் தளத்தின் பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு.

வரையும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். தனிமம் கார்பன் என்று இருக்கட்டும். ஹைட்ரஜனைத் தானே நிரப்பும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். கறுப்புத் திரையில் ஒரு கிளிக். மீத்தேன் வந்துவிடும். மவுஸை அழுத்தி இழுத்தால் சுழலும், சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும்.

இங்கே நிறுத்திவிடாமல் மாணவரிடம் மூலக்கூறைக் கெடுக்கச் சொல்லுங்கள். அணுவை நகர்த்தும் கருவியால் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்து இன்னொன்றின் மேல் தள்ளட்டும். ஆற்றலைக் கணக்கிட்டுக் குறிக்கட்டும். பிறகு வடிவத்தைச் சீராக்கும் கட்டளையைக் கொடுக்கட்டும். அணுக்கள் துள்ளிக்கொண்டு தம் இடத்துக்குத் திரும்பும். ஆற்றல் எண் விழும். எக்ஸெல் குழியின் அடியைத் தேடிய அதே வேலையைத்தான் கணினி இப்போது எல்லா அணுக்களுக்கும் சேர்த்துச் செய்கிறது என்று அந்த நேரத்தில் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த ஆற்றல் எண்ணை ஒரே மூலக்கூறின் இரண்டு வடிவங்களுக்கிடையே ஒப்பிடலாம். மீத்தேனுக்கு வந்த எண்ணையும் அம்மோனியாவுக்கு வந்த எண்ணையும் ஒப்பிட்டு எது நிலையானது என்று முடிவுகட்டக் கூடாது. கெட்டிக்கார மாணவர்கள்தான் இதைச் செய்வார்கள், கவனியுங்கள்.

மீத்தேன், அம்மோனியா, நீர் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வரைந்து கோணங்களை அளக்கச் சொல்லுங்கள். சோதனையில் கண்டவை முறையே 109.5, சுமார் 107, 104.5 டிகிரி. தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் கூடக்கூடக் கோணம் சுருங்குவதைப் புத்தகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அளந்த எண் அதற்கு அருகில் வந்தவுடன் வகுப்பு மகிழ்ந்துபோகும்.

நான்காம் படி: மகிழ்ச்சியைக் கொஞ்சம் கெடுப்பது

"கம்ப்யூட்டரும் 104 என்றுதான் சொல்கிறது சார், அப்படியானால் கொள்கை சரி" என்று ஒரு மாணவர் சொன்னால், அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அவகாட்ரோ இதுவரை பயன்படுத்தியது விசைப்புலம் என்ற முறை. அதில் பிணைப்பு என்பது ஒரு சுருள்வில். அந்த வில் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், கோணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற எண்களை மென்பொருளை எழுதியவர்கள் முன்கூட்டியே கொடுத்துவைத்திருக்கிறார்கள். நீருக்கான கோணத்தை அது கண்டுபிடிக்கவில்லை. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் கொடுத்ததைத் திருப்பித் தந்தது.

கண்டுபிடிக்க வேண்டுமானால் எலக்ட்ரான்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1926 இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டுக்குத் தோராயமான விடை தேட வேண்டும். இதற்கான மென்பொருள்களில் சை4 திறந்த மூலம். ஆர்கா கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், பதிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் உள்ளீட்டுக் கோப்பை அவகாட்ரோவே எழுதிக் கொடுக்கும். நீருக்கு மூன்றே அணுக்கள் என்பதால் பழைய மடிக்கணினியிலும் சில நொடிகளில் முடிந்துவிடும். மேல்நிலை வகுப்பில் ஆசிரியர் ஒரு கணினியில் ஓட்டிக் காட்டினால் போதும். கல்லூரி மாணவர்கள் தாமே ஓட்ட வேண்டும்.

அப்படித் தோராய விடை தேடும் வழிகளில் ஒன்றான ஹார்ட்ரி ஃபாக் முறையில், எஸ்டிஓ-3ஜி என்ற மிகச் சிறிய பேசிஸ் செட்டை (எலக்ட்ரான்களின் பரவலை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) வைத்து நீரைச் சீராக்கினால் கோணம் 100.0 டிகிரி, பிணைப்பு நீளம் 0.989 ஆங்ஸ்ட்ராம் என்று வரும். அதே முறையில் 6-31ஜி* என்ற கொஞ்சம் பெரியதை வைத்தால் 105.5 டிகிரி, 0.947 ஆங்ஸ்ட்ராம். சோதனையில் கண்டது 104.5 டிகிரி, 0.958 ஆங்ஸ்ட்ராம். முதல் கணக்கில் கோணம் சுருங்கிப் பிணைப்பு நீண்டது; இரண்டாவதில் கோணம் விரிந்து பிணைப்பு சுருங்கியது. இந்த மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, எது சரி என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் இரண்டும் எதை விட்டுவிட்டதால் தவறின என்று கேளுங்கள். சிறிய பேசிஸ் செட்டில் எலக்ட்ரான்கள் பரவுவதற்குப் போதிய இடமே கொடுக்கப்படவில்லை. பெரியதில் அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கணத்துக்குக் கணம் தவிர்த்து நகர்வதை ஹார்ட்ரி ஃபாக் முறை முழுமையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த இரண்டு பேசிஸ் செட்டுகளும் ஜான் போப்பிள் குழுவினரின் ஆக்கம். 1998 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவருக்கும், எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கொள்கைக்கு அடித்தளமிட்ட வால்டர் கோனுக்கும் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முறையும் நீரின் கோணத்தில் ஒரு டிகிரி தவறுகிறது என்று கேட்டால் மாணவர்களுக்கு ஒரு நிம்மதி வரும், அது நல்லதுதான்.

ஐந்தாம் படி: யூரியா

நீரோடு நின்றால் பாடப்புத்தகத்துக்கு வெளியே வந்ததாகாது. டெல்டாவில் எந்த வீட்டுத் திண்ணையிலும் பார்க்கக்கூடிய மூட்டை யூரியா. மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருக்கும். மூலக்கூறில் எட்டே அணுக்கள்: ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். மூலக்கூறு எடை சுமார் 60. அதில் இரண்டு நைட்ரஜன் 28. வகுத்துப் பார்த்தால் 46.6. மூட்டையில் அச்சிட்ட எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மூலக்கூறு சொந்தமாகிவிடுகிறது.

அவகாட்ரோவில் கட்டிச் சீராக்குங்கள். பிறகு இந்தக் கேள்வியைப் போடுங்கள்: எட்டு அணுக்களும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா, நைட்ரஜன்கள் அம்மோனியாவைப் போலக் கூம்பாக எழும்பி நிற்கின்றனவா? ஊகம் பேனாவில்.

உண்மை சுவையானது. யூரியாப் படிகத்தில் மூலக்கூறு தட்டையாக இருக்கிறது. தனித்த வாயு மூலக்கூறாக இருக்கும்போது நைட்ரஜன்கள் லேசாக எழும்பிவிடுகின்றன. கார்பன், ஆக்சிஜன் பிணைப்பும் வாயுவில் சுமார் 1.22 ஆங்ஸ்ட்ராம், படிகத்தில் சுமார் 1.26. காரணம் அக்கம்பக்கம். படிகத்தில் ஒவ்வொரு யூரியாவின் ஆக்சிஜனும் அண்டை மூலக்கூறுகளிடமிருந்து நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளை வாங்கிக்கொள்கிறது. அந்த இழுப்பில் மூலக்கூறின் வடிவமே மாறுகிறது. ஆகவே மாணவர் கட்டியது எந்த யூரியா என்று அவரே சொல்ல வேண்டும்: மூட்டைக்குள் இருப்பதா, வெற்றிடத்தில் தனியே மிதப்பதா? கணினியில் நாம் கட்டும் மூலக்கூறு, வேறு ஏற்பாடு செய்யாதவரை, எப்போதும் தனியே மிதப்பதுதான். பாதிப் பேர் மறந்துபோகும் விஷயம் இது.

இதற்கு அடுத்து ஒரு யூரியாவைச் சுற்றி நான்கைந்து நீர் மூலக்கூறுகளை வைத்துச் சீராக்கச் சொல்லுங்கள். நீரின் ஹைட்ரஜன்கள் யூரியாவின் ஆக்சிஜனை நோக்கித் திரும்புவதைப் பார்க்கலாம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோவுக்கு மேல் யூரியாவைக் கரைத்துக்கொள்வதற்கும், மேலுரம் போட்ட வயலில் மடை திறந்திருந்தால் உரம் நீரோடு போய்விடுவதற்கும் அணு அளவிலான காரணம் அதுதான்.

ஆறாம் படி: வெற்றிலையும் கிராம்பும்

மாற்றியங்களைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் பார்க்கவில்லை. கிராம்பின் மணத்துக்குக் காரணம் யூஜினால். வெற்றிலை எண்ணெயில் சாவிபெட்டால் என்ற சேர்மம் உண்டு (யூஜினாலும் உண்டு, இரகத்துக்கு இரகம் அளவு மாறும்). இரண்டிலும் பத்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். 2025 இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை ஒன்றையும் ஒரு கிராம்பையும் மேசையில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இவற்றை வரைய வேண்டாம். பப்கெம் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பெயரைத் தேடி, முப்பரிமாண அமைப்பை எஸ்டிஎஃப் கோப்பாக இறக்கி அவகாட்ரோவில் திறக்கலாம். கோப்புகளை முந்தின நாளே இறக்கி வைத்துவிடுங்கள். இரண்டு சாளரங்களிலும் பென்சீன் வளையத்தை ஒரே மாதிரித் திருப்பி, மூன்று கார்பன் கொண்ட அல்லைல் வாலை இடப்பக்கம் நிறுத்துங்கள். யூஜினாலில் வாலுக்கு நேர் எதிரே ஹைட்ராக்சில் தொகுதி. அதன் பக்கத்தில் மெத்தாக்சி. சாவிபெட்டாலில் இரண்டும் இடம் மாறி நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான். இதை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. இரண்டு பேர் ஒரு கணினியில் உட்கார்ந்து மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்து, "இடம் மாறியிருக்கிறது" என்று அவர்களே கண்டுபிடிக்க எடுக்கும் நேரம் வீணான நேரமல்ல.

இரண்டு மூலக்கூறிலும் ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் பக்கத்து மெத்தாக்சியின் ஆக்சிஜனை நோக்கி வளைந்திருக்கும். மூலக்கூறுக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு. அந்த ஹைட்ரஜனை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டுச் சீராக்கினால் ஆற்றல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கட்டும். மொத்தம் 24 அணுக்கள் என்பதால் குவாண்டம் கணக்கைப் பள்ளிக் கணினியில் முயல வேண்டாம். அணுக்கள் இரட்டிப்பானால் கணக்கு நேரம் எட்டு மடங்கோ பதினாறு மடங்கோ ஆகிவிடும்.

ஏழாம் படி: உப்பும் மீத்தேனும்

உப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வேதாரண்யம் உப்பளத்துக் கல் உப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள். படிகத் தரவுத்தளங்களில் கிடைக்கும் சோடியம் குளோரைடு சிஐஎஃப் கோப்பை (படிக அமைப்பைப் பதிந்துவைக்கும் கோப்பு) திறந்து, ஒரு சோடியத்துக்குப் பக்கத்தில் எத்தனை குளோரைடு என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு. எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்தோடு சேர்ந்தது என்று கேட்டால் விடை கிடையாது. படிகத்தில் உப்பு மூலக்கூறு என்று தனியாக ஒன்று இல்லை. படிகத்தில் இரண்டுக்கும் இடையே 2.82 ஆங்ஸ்ட்ராம், வாயுவில் தனி ஜோடியாக இருந்தால் 2.36. யூரியாவில் பார்த்த அதே சங்கதி.

மீத்தேனுக்கு மறுபடி வருவது அவசியம். டெல்டாவில் அந்தப் பெயரை அறியாத பிள்ளை இல்லை. போராட்டப் பந்தலில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அது நிலத்தடி வாயுவைப் பற்றியது. அதே மூலக்கூறு நம் வயலிலிருந்தும் எழுகிறது. நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்று வழிகள் மூலம் வெளியேறுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும்.

இந்த வாயு ஏன் பூமியின் வெப்பத்தைப் பிடிக்கிறது, காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏன் பிடிப்பதில்லை? அதிர்வுக் கணக்கு இதற்கு விடை தருகிறது. ஐந்து அணுக்கள் கொண்ட மீத்தேனுக்கு ஒன்பது அதிர்வுகள். சமச்சீரால் நான்கு அதிர்வெண்களாகத் தொகுந்துவிடுகின்றன. சோதனை அலை எண்கள் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்ற கணக்கில்) 2917, 1534, 3019, 1306. அவகாட்ரோவில் ஒவ்வொன்றையும் அசையவிட்டுப் பார்க்கலாம். 2917 இல் நான்கு ஹைட்ரஜன்களும் ஒரே நேரத்தில் விரிந்து சுருங்கும். மின்சுமையின் சமநிலை எந்தப் பக்கமும் சாயாது, ஆகவே அது அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாது. 1306 இல் மூலக்கூறு ஒருபக்கமாகக் கோணும், அது 7.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உறிஞ்சும். இரண்டே அணுக்கள் கொண்ட நைட்ரஜனுக்குக் கோணுவதற்கு வழியே இல்லை. ஹார்ட்ரி ஃபாக் முறையில் வரும் அலை எண்கள் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். 6-31ஜி* கணக்கானால் 0.89 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம். பெருக்காமலே சோதனையோடு ஒப்பிட்டுப் "பிழை" என்று எழுதும் மாணவரைத் திட்டாதீர்கள். ஏன் எல்லா எண்களும் ஒரே திசையில் கூடின என்று கேளுங்கள்.

வகுப்பறை நடைமுறை

ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸ், ஒருவர் நோட்டு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இடம் மாற வேண்டும். மூன்று பேர் என்றால் ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நோட்டில் நான்கு கட்டங்கள்: ஊகம், பயன்படுத்திய முறை, வந்த எண், சோதனை எண். முறையை எழுதாத எண்ணுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

கணினி வேலையைத் தீபாவளிக்கு முன் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறையும் மின்வெட்டும் சேர்ந்து வரும். அந்த மாதங்களுக்குக் களிமண் வேலையையும் எக்ஸெல் கணக்கைக் கையால் போடுவதையும் வைத்துக்கொள்ளலாம். கணினி இல்லாத பிள்ளைகள் வீட்டுக் கைப்பேசியில் ஃபெட் தளத்தின் மூலக்கூறு வடிவப் பாவனையை உலாவியிலேயே ஓட்டலாம். கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தருவது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதத்தை உண்டாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009 இல் நோபல் பரிசு பெற்றார் என்று சொன்னால், அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். புரதத் தரவு வங்கியில் கோப்பு இருக்கிறது. அணுக்கள் லட்சக்கணக்கில் என்பதால் பழைய கணினியில் திறந்தால் அது உறைந்துபோகும். உலாவியிலேயே பார்க்கும் வசதி அந்தத் தளத்தில் உண்டு, அதைக் காட்டுங்கள்.

இதற்கு மேல் போக நினைப்பவர்களுக்கு

அணுக்களை அசையவிடுவது அடுத்த கட்டம். ஒவ்வோர் அணுவின் மீதும் எவ்வளவு விசை என்று கணக்கிட்டு, ஒரு வினாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய நேரத்துக்கு நகர்த்தி, மறுபடி கணக்கிட வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964 இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களை வைத்து இதைச் செய்தார். அவர் பயன்படுத்தியது நீங்கள் எக்ஸெலில் போட்ட அதே லெனார்டு ஜோன்ஸ் சமன்பாடு, அதே 3.4 ஆங்ஸ்ட்ராம். அன்று பெரிய கணினிக்கு உரிய வேலையாக இருந்த அந்தக் கணக்கை, லேம்ப்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளை வைத்து இன்றைய மடிக்கணினியில் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம்.

கல்லூரி மாணவர்கள் முதல் முயற்சியாக நீரை எடுக்க வேண்டாம். ரஹ்மானின் ஆர்கானையே எடுங்கள். வெப்பநிலை 94.4 கெல்வின், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.374 கிராம். ஓர் அணுவிலிருந்து மற்ற அணுக்கள் எந்தத் தூரத்தில் அதிகம் நிற்கின்றன என்று எண்ணி வரைபடம் போட்டால் முதல் முகடு 3.7 ஆங்ஸ்ட்ராமில் வர வேண்டும். அவருக்கும் அங்கேதான் வந்தது. வந்துவிட்டால் கணக்கு சரியாக ஓடுகிறது. பிறகு எக்ஸெல் தாளை மறுபடி திறந்து, இரண்டே அணுக்கள் இருந்தபோது 3.82 இல் நின்றவை, 864 ஆனதும் ஏன் நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள்.